குழிச்சங்கு விழுந்த சக்கரம்

என் பிள்ளைகள் நான்கு பேருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில், நீங்கள் என் மேசை இழுப்பறையைத் திறந்து தகர டப்பாவைப் பாயில் கொட்டி, பதினேழு காசுகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததாக உங்கள் அம்மா சொன்னாள். பிழையாக அடித்த நாணயம் வெளிநாட்டு ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகிறது என்று ஏதோ வாரப் பத்திரிகையில் போட்டிருந்ததாம். எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் திரும்ப வைக்கும்போது ஒவ்வொன்றையும் அதனதன் தாளில் மடித்து வைத்திருக்கலாம். இப்போது ஓரம் வெட்டுப்பட்ட காசு மொட்டைக் காசின் தாளில் இருக்கிறது.

எது எவ்வளவு போகும் என்று பெரியவன் கேட்டான். அது எனக்குத் தெரியாது. எப்படி வந்தன என்பது தெரியும். இன்னொன்றும் தெரியும். இந்தப் பதினேழையும்விட அபூர்வமான ஒரு காசு என் கைக்கு வந்தது. அதை நான் உளி வைத்து வெட்டினேன். உங்களுக்குச் சொல்லவேண்டியது அதைப் பற்றித்தான். மற்றதெல்லாம் அதற்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன்.

நான் மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம், இருபது வயதில், ஒரு தாலுகாக் கச்சேரியின் கஜானாவில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் இரணியல் என்றாலும் வேலைக்காக வடசேரியில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். நம் பக்கம் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. மகாராஜாவுக்குச் சொந்தமாகக் கம்மட்டம் இருந்தது. கம்மட்டம் என்றால் நாணயம் அடிக்கிற சாலை. அங்கே செம்பில் அடித்த காசுதான் சக்கரம். ஒரு பக்கம் மகாராஜாவின் தலை, மறுபக்கம் சங்கு. இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுத்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். அந்த அரையைக் கேட்டு நீங்கள் சிரிக்கவேண்டாம். அரைச் சக்கரத்துக்கும் தனியாக நாணயம் இருந்தது.

பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. முதல் ஆறு மாதம் சாக்கு முடிச்சுப் போட்டேன். அடுத்த ஆறு மாதம் முடிச்சின்மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். கையில் மூன்று இடத்தில் சுட்ட தழும்பு இருப்பது அதனால்தான். பிறகு, முத்திரை வேலையும் என்னிடமே இருக்க, என்னைச் சராப்பின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

சராப்பு என்றால் நாணயம் நல்லதா கள்ளமா என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகஸ்தர். எங்கள் சராப்பு மாதேவன் பிள்ளை. ஒல்லியான மனிதர். ஜன்னலுக்கு வருகிற ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார். கையை மட்டும் நீட்டுவார். "மொகத்தப் பாத்தா இரக்கம் வரும், இல்லேன்னா எரிச்சல் வரும். ரெண்டும் காசுக்கு ஆகாது" என்பார். ஒருநாள் அவருடைய சொந்த மைத்துனர் வந்து காசு மாற்றிக்கொண்டு போனார். பிள்ளைவாள் கையை நீட்டினார், பார்த்தார், கொடுத்தார், "அடுத்த ஆளு" என்றார். அந்த மைத்துனர் அதன்பிறகு ஒரு வருஷம் அவர் வீட்டுக்கு வரவில்லை. இது அவருக்குத் தெரியவந்ததும், "அவனா வந்தான்?" என்று என்னிடம் கேட்டார்.

நல்ல காசு, கெட்ட காசு என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "போகும்", "போகாது" என்ற இரண்டு சொல்தான். செல்லும் என்றால் போகும். செல்லாது என்றால் போகாது.

ஒரு காசைச் சோதிக்க நான்கு காரியம் செய்யவேண்டும். முதலில் ஜன்னல் படியில் பதித்திருக்கும் கருங்கல்லில் போட்டுச் சத்தம் கேட்கவேண்டும். ஈயம் கலந்த காசு இருமுகிற மாதிரிக் கேட்கும். இரண்டாவது தராசு. மூன்றாவது, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் சுற்றி வருடவேண்டும். அச்சில் வார்த்த காசு என்றால் விளிம்பில் எங்காவது நகம் தட்டும். கடைசியில்தான் கண். "கண்ண மொதல்ல விட்டா அது மத்த மூணையும் பேச விடாது" என்பார்.

நான்கிலும் தேறாத காசைக் கொண்டுவந்தவரிடம் சொல்லி, அவர் சம்மதம் கேட்டு, அவர் கண்ணெதிரில் உளியால் இரண்டாக வெட்டவேண்டும். ஒரு பாதி அவருக்கு, ஒரு பாதி கஜானாவுக்கு. பிறகு பேரேட்டில் அவர் பெயர், ஊர், காசின் விவரம், அவர் சொன்னது என்ன என்று எழுதவேண்டும். அதன் நகல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். பேரேடு மலையாளத்தில் இருந்தது. என் மலையாளம் சந்தையில் காதால் கேட்டுப் படித்தது. எழுத்தை, மேலே இருக்கும் வரியைப் பார்த்துக் கீழே எழுதி எழுதிப் பழகிக்கொண்டேன்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கம்மட்டத்திலேயே பிழையாக அடிபட்டு வந்த காசு கள்ளம் ஆகாது. அது போகும். வாங்கிக்கொண்டு மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். மாதேவன் பிள்ளை அவற்றைத் தனியாக ஒரு மரத்தட்டில் போட்டு வைப்பார். தகடு வெட்டும்போது ஓரம் பிறைபோல அறுபட்டது ஒன்று. தகடு நகர்ந்துபோய்ப் பாதிச் சங்கு மட்டும் விழுந்தது ஒன்று. இரண்டு தடவை அடிபட்டு, மகாராஜாவுக்கு இரண்டு மூக்கு வந்தது ஒன்று. அடியே படாமல் வந்த மொட்டைக் காசு ஒன்று. பிரிட்டிஷ் காலணாவில் நடுவே ஓட்டை இருக்கும் அல்லவா, அந்த ஓட்டை விழாமல் தப்பித்து வந்தது ஒன்று. ஓட்டை இல்லாததுதான் அதன் குறை என்று சொல்லி அதைக் கொண்டுவந்த ஆளை நம்பவைக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யம் ஆனபிறகு, சக்கரத்தை வாங்கிக்கொண்டு அணாவும் ரூபாயும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஊரில் இத்தனை சக்கரம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. சட்டியில் கொண்டுவந்தார்கள், தலையணை உறையில் கொண்டுவந்தார்கள். சுசீந்திரத்துக்காரர் ஒருவர் நெல்லுக்குள் போட்டு மறந்திருந்த சக்கரத்தை நெல்லோடு அளந்து கொண்டுவந்து, நெல்லைத் திருப்பித் தரச்சொன்னார். வரிசை வாசலைத் தாண்டிப் புளியமரம் வரை நிற்கும். சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றில் செம்பு வாடை அடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மாதேவன் பிள்ளை, முத்திரை வைத்த பெட்டிகளோடு திருவனந்தபுரம் போகவேண்டி வந்தது. போகும்போது என்னிடம், "நீ இரு. சந்தேகம் வந்தா எடுத்து வச்சிரு. நான் வந்து பாக்கேன்" என்றார். சரி என்றேன்.

அன்றைக்குச் சந்தை நாள். முதல்தடவையாக அவருடைய நாற்காலியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிவாக்கில் வடசேரி செல்லப்பன் ஆசாரி ஜன்னலுக்கு வந்தார். வெண்கலம் வார்ப்பவர். விளக்கு, உருளி, மணி எல்லாம் செய்வார். நம் பக்கத்தில் அந்தத் தொழிலின் முறை உங்களுக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் உடைந்த, ஓட்டை விழுந்த பாத்திரங்களை ஆசாரியிடம் எடைபோட்டுக் கொடுப்பார்கள். அவர் உருக்கிப் புதிதாக வார்த்துக் கொடுப்பார். கொடுத்த வெண்கலம் முழுதும் திரும்பி வந்ததா, நடுவில் மட்டமான உலோகம் கலந்ததா என்று கொடுத்தவருக்குத் தெரியாது. ஆசாரியின் பெயரை நம்பித்தான் பாத்திரத்தை அங்கே விட்டுவிட்டு வருவது.

அவர் ஒரு துணிப்பை சக்கரம் வைத்தார். எல்லாம் பார்த்து முடித்தபிறகு மடியிலிருந்து ஒன்றைத் தனியாக எடுத்தார்.

"சாரே, இதையும் சேத்துக்கிடும். ஒரு வினோதம்னு வச்சிருந்தேன்."

கல்லில் போட்டேன். சத்தம் நன்றாக இருந்தது. எடை சரி. விளிம்பும் சரி. திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் சங்கு. மறுபக்கமும் சங்கு. ஆனால் அந்தச் சங்கு மேலே எழும்பாமல் குழியாக உள்ளே இறங்கியிருந்தது. அதன் வாயும் வழக்கமான பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது.

"ராஜா தலை எங்க?" என்று கேட்டேன்.

"அத எங்கிட்டக் கேட்டா? கம்மட்டத்துலதான் கேக்கணும்."

வரிசை சிரித்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"இது போகாது."

"போகாதா? நல்லா பாரும் சாரே. நான் முப்பது வருஷமா வெங்கலம் வார்க்கிறவனாக்கும். வார்த்தது எது, அடிச்சது எதுன்னு எனக்குத் தெரியும். இது வார்த்ததில்ல. அடிச்சதாக்கும்."

"அடிச்சதா?"

"பின்னே? அடிச்சதுதான்."

பின்னால் நின்ற காய்கறிக்காரர் ஒருவர், "ஓய் ஆசாரி, மெதுவா சொல்லும். ஸ்டேஷன்ல கேட்டுரப்போவுது" என்றார். மறுபடியும் சிரிப்பு. எடுத்து வைக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் எடுத்து வைத்தால் எனக்குத் தெரியவில்லை என்று நாற்பது பேருக்குத் தெரிந்துவிடும்.

"வெட்டணும். சம்மதமா?"

ஆசாரி என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "உம்ம உளி, உம்ம கல்லு. வெட்டும். எனக்கு அங்கண உலை காயுது" என்றார்.

மூன்று அடியில் இரண்டானது. அவருடைய பாதியைக் கொடுத்தேன். வெட்டுவாயைத் திருப்பிக் காட்டி, "உள்ளயும் செம்புதான், பாத்தீரா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

பேரேட்டில் எழுதினேன். அவர் சொன்னது இரண்டு. காசு அடித்தது என்று சொன்னார். வெட்டச் சம்மதித்தார். இதை மலையாளத்தில் 'அடிச்சதாணென்னு பறஞ்ஞு, வெட்டான் சம்மதிச்சு' என்று எழுதவேண்டும். கட்டத்தில் இடம் குறைவாக இருந்தது. நடுவில் இரண்டு சொல்லை விட்டுவிட்டேன். 'அடிச்சதாணென்னு சம்மதிச்சு' என்று ஆனது. முந்தின பதிவும் 'சம்மதிச்சு' என்றுதான் முடிந்திருந்தது. அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நகல் எடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் ஏட்டு ஒருவரும் கான்ஸ்டபிள் ஒருவரும் ஆசாரி வீட்டுக்குப் போனார்கள். ஆசாரியின் மடியில் அந்தப் பாதிக் காசு இருந்தது. வீட்டில் மண் அச்சுகள், உலை, இடுக்கி, அரம் எல்லாம் இருந்தன. அவர் தொழிலுக்கு அவை இல்லாமல் முடியாது என்பதை ஏட்டு யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றி, ஆசாரியையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் நான் அந்தத் தெரு வழியாக வந்தபோது ஆசாரி வீட்டு வாசலில் கூட்டம். ஆறுதல் சொல்லப் போனவர்கள் என்று நினைத்தேன். உடைந்த விளக்குத் தண்டு, நசுங்கிய சருவம், கைபிடி போன மணி என்று அவரவர் கொடுத்ததைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரியின் மனைவி கதவோரம் நின்று, "இன்னா, இங்கணதான் இருக்கு, எடுத்துக்கிடுங்க. எடை பாத்து எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

வீட்டுக்கு வந்தால் அத்தையின் ஓட்டை உருளி அடுக்களையில் இருந்தது. அவளும் போய் வாங்கி வந்துவிட்டாள்.

"கள்ளத்துட்டு அடிச்சவன்கிட்ட வெங்கலத்த விட்டா உருப்படியா திரும்பி வருமாலே? நல்ல காலம், நீ பிடிச்சே" என்றாள்.

அன்று எனக்குக் குழம்பில் மீன் ஒரு துண்டு அதிகம் விழுந்தது. சாப்பிட்டேன். இதை உங்களுக்கு மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

மறுநாள் மாதேவன் பிள்ளை வந்தார். பேரேட்டைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. கஜானாவிலிருந்த பாதியை எடுத்துவரச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான் ஐயா."

"கல்லுல போட்டியா?"

"போட்டேன்."

"இருமிச்சா?"

"இல்ல."

"எடை?"

"சரியா இருந்தது."

"விளிம்பு?"

"அதும் சரிதான்."

"மூணு பேரு போகும்னு சொல்லியிருக்கான். ஒருத்தன் போகாதுன்னு சொல்லியிருக்கான். நீ அந்த ஒருத்தன் பேச்சக் கேட்டே."

பிறகு அரக்குக் குச்சியைக் காட்டி, உருக்கி ஒரு தாளில் விடச்சொன்னார். நல்ல சக்கரம் ஒன்றை எடுத்து, சங்குப் பக்கத்தை அரக்கில் அழுத்தச் சொன்னார். நான் தினமும் செய்கிற வேலை. ஆறியபின் காசை எடுத்தேன். அரக்கில் குழியாக ஒரு சங்கு. வாய் எதிர்ப்பக்கம். ஆசாரியின் காசில் இருந்த அதே குழிச்சங்கு.

கம்மட்டத்தில் ஒரு காசு அடிபட்டபின் கீழே விழாமல் தலை அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். யாரும் கவனிக்கமாட்டார்கள். அடுத்த தகடு வந்து அடி விழும்போது ஒரு பக்கம் சங்கு அச்சு சரியாகப் பதியும். மறுபக்கம் ராஜா தலைக்குப் பதில், ஒட்டியிருக்கும் காசின் சங்கு குழியாகப் பதிந்துவிடும். இரண்டு வருஷமாக நான் அரக்கில் முத்திரை குத்தியிருக்கிறேன். முத்திரையில் எழும்பியது அரக்கில் குழியும், இடது வலதாகும் என்று என் கைக்குத் தெரியும். அதை என் மூளையிடம் யாரும் சொல்லவில்லை.

"கள்ளன் அச்சு எடுத்து வார்த்திருந்தா ரெண்டு சங்கும் எழும்பித்தான் நிக்கும்" என்றார் அவர். "அந்த மனுசன் என்ன சொன்னாரு? சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். வார்த்ததில்லை, அடிச்சதாக்கும். உம்ம உளி, உம்ம கல்லு, வெட்டும்.

மாதேவன் பிள்ளை கையிலிருந்த பாதிக் காசை மேசையில் வைத்தார். பிறகு பேரேட்டை என் பக்கம் திருப்பினார்.

"அவரு கம்மட்டத்துல அடிச்ச காசுன்னு சொல்லியிருக்காரு. வெட்டச் சம்மதிச்சிருக்காரு. நீ எழுதினத மலையாளத்துல வாசிக்கிறவன் எப்படி வாசிப்பான் தெரியுமா? தான்தான் அடிச்சேன்னு குற்றத்த ஒத்துக்கிட்டான். இதாக்கும் அர்த்தம். ரெண்டு சொல்லுக்கு எடம் இல்லேன்னு ஒரு ஆள உள்ள தள்ளியிருக்கே."

திருத்தி எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். நல்ல நாணயத்தை வெட்டுவதும் சட்டப்படி குற்றம். ஆசாரியின் காசு நல்லது என்று எழுதினால், நல்ல காசை வெட்டியவன் நான் என்று ஆகிவிடும். நானோ தற்காலிக ஆள்.

"ஒண்ணு அவரு அடிச்சாரு. இல்லேன்னா நீ வெட்டினே. நடுவுல நிக்க எடம் கெடையாது. யோசிச்சு எழுது" என்று தாளைத் தந்துவிட்டு வேறு வேலை பார்க்க ஆரம்பித்தார்.

எழுதினேன். வாங்கிப் படித்து, பேனாவால் ஒரு சொல்லை அடித்தார். "'தெரியாமல் வெட்டிவிட்டேன்'னு போட்டிருக்கே. தெரியாமல்னு வேண்டாம். உளி எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கு." மறுபடி எழுதினேன். 'அவசரத்தில்' என்ற சொல்லையும் அடித்தார். மூன்றாம் தடவை, வரிசை சிரித்ததால் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, "இது உள்ளதுதான். ஆனா ஸ்டேஷனுக்கு வேண்டாம்" என்றார். நான்காம் தடவை எழுதியதில் நான்கு வரிதான் இருந்தது. "போகும்" என்றார்.

இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். அரக்குக் குச்சி, மெழுகுவர்த்தி, நல்ல சக்கரம், எங்கள் பாதி எல்லாம் என் கையில். ஏட்டு தன்னிடமிருந்த பாதியை எடுத்து வைத்தார். அங்கேயும் அரக்கு உருக்கிச் செய்து காட்டினோம். ஏட்டு நேர்மையானவர். எல்லாவற்றையும் குனிந்து கவனித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ முன்னால அச்சுல ஒட்டியிருந்த காசு எங்க?"

"அது எங்கயாவது ஒரு கடைக்காரன் பெட்டியில இருக்கும் ஏட்டே."

"அதையும் ஆஜர்படுத்தினா கேசு முடிஞ்சுரும்."

மாதேவன் பிள்ளை முதல்தடவையாகக் குரலை உயர்த்தினார். "ஏட்டே, ஒரு சக்கரம் கள்ளமா அடிக்கணும்னா செம்பு, கரி, கூலி எல்லாம் சேத்து ஒண்ணேகால் சக்கரம் செலவாகும். அதுலயும் ராஜா தலைய மறந்துட்டு அடிச்சு, கஜானாவுக்கே கொண்டுவந்து குடுக்கிற கள்ளன எங்கயாவது பாத்திருக்கீரா?"

ஏட்டு யோசித்தார். "பாத்ததில்ல" என்று ஒத்துக்கொண்டார். என் தாளை வாங்கிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் ஆசாரியை விட்டார்கள். இரண்டு பாதியையும் அரக்கால் ஒட்டிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காசை நான் அதன்பிறகு பார்க்கவில்லை.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. நிரந்தரம் ஆவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. நான் சேதப்படுத்திய ஒரு சக்கரத்தின் மதிப்பைச் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு. அது அரை அணாவும் அதற்குமேல் ஒரு துளியும் வரும். அந்தத் துளியை எப்படிப் பிடிப்பது என்று கச்சேரிக் கணக்கர் இரண்டு நாள் கஷ்டப்பட்டார்.

நான் காசு சேர்க்கத் தொடங்கியது இதற்குப் பிறகு. பிழைக் காசு வந்தால் அதே மதிப்பில் என் கையிலிருந்து ஒரு நல்ல காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள மாதேவன் பிள்ளை அனுமதித்தார். "எண்ணமும் எடையும் சரியா இருந்தாப் போதும். இல்லேன்னா எல்லாம் உருக்கத்தான் போவுது" என்றார். ஆசைக்காக ஆரம்பிக்கவில்லை. இனி எந்தப் பிழை வந்தாலும் பார்த்தவுடன் தெரியவேண்டும் என்று ஆரம்பித்தேன். ஒவ்வொன்றையும் தாளில் மடித்து, அது எப்படி அப்படி ஆனது என்று எழுதி வைத்தேன். ஆசை பின்னால் வந்தது. ஐம்பத்தாறில் நாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து பேரேடு தமிழுக்கு மாறியபோது என்னிடம் பதினேழு இருந்தது. அதற்குமேல் நான் சேர்க்கவில்லை. குழிச்சங்கு அதில் இல்லை. இன்னொன்று வரும் என்று எத்தனையோ சாக்கு புரட்டியிருக்கிறேன். வரவில்லை.

காசின் கதை இவ்வளவுதான். ஆசாரியின் கதை ஸ்டேஷனோடு முடியவில்லை. விட்டுவிட்டார்கள் என்பதால் பாத்திரத்தை வாங்கிப்போனவர்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அச்சுகள் திரும்பி வந்தன. உலை சும்மா கிடந்தது.

விடுதலையான மூன்றாம் நாள் மத்தியானம் ஆசாரி கஜானாவுக்கு வந்தார். மாதேவன் பிள்ளை, வெட்டிய சக்கரத்துக்கு உரிய காசை எண்ணிக் கல்லில் வைத்தார். ஆசாரி அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"போகாதுன்னு நீரு சொன்னப்போ இங்கண எத்தன பேரு நின்னாங்க?"

"நாப்பது பேரு இருக்கும்."

"இப்போ?"

திரும்பிப் பார்த்தேன். "காவல்காரரு மட்டும்."

"அவரும் ஒறங்குறாரு. நான் சந்தை நாளைக்கு வாறேன்."

போய்விட்டார். மாதேவன் பிள்ளை காசை எடுத்துத் தனியாக வைத்தார். "சந்தை நாளைக்கு லீவு கேக்காதே" என்றார்.

நான் லீவு கேட்கத்தான் நினைத்திருந்தேன்.

சந்தை நாளன்று வரிசை புளியமரத்தைத் தாண்டி நின்றது. ஆசாரி முந்திக்கொண்டு வரவில்லை. கடைசியில் போய் நின்று, ஒன்றரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து வந்தார். அவர் ஒவ்வொரு ஆளாக நெருங்கி வருவது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் முன்னால் நின்ற ஆளுக்கு இரண்டு தடவை தப்பாக எண்ணிக் கொடுத்தேன்.

"சாரே, நான் அன்னைக்குக் கொண்டுவந்த சக்கரம் போகுமா, போகாதா?"

"போகும்" என்றேன்.

"பின்னால கேக்கல்ல."

எழுந்து நின்று, "போகும்!" என்றேன்.

"என்னவாம்?" என்று புளியமரத்தடியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஆசாரிக்க சக்கரம் போகுமாம்."

"யாருக்க சக்கரம்?"

மாதேவன் பிள்ளை தலையைத் தூக்காமல் காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். அதில் ஏறி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "வடசேரி செல்லப்பன் ஆசாரி கொண்டுவந்தது கம்மட்டத்துல அடிச்ச நல்ல சக்கரம். அவரு பேர்ல ஒரு குற்றமும் இல்ல. பாக்கத் தெரியாம வெட்டினது நான்."

"அப்போ நீ எதுக்குலே அந்த நாற்காலியில இருக்கே?" என்று அதே காய்கறிக்காரர் கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. நான் ஸ்டூலிலேயே நின்றேன். சிரித்து முடித்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஆள் பையை அவிழ்த்தார். ஆசாரி காசை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அத்தையின் ஓட்டை உருளியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனேன். அத்தை தடுத்தாள். நான் கேட்கவில்லை. தெருவில் நாலைந்து பேர் நின்று, எங்கே கொண்டுபோகிறான் என்று பார்த்தார்கள்.

ஆசாரி உருளியை வாங்கிக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்த்தார். கொடுத்தாயிற்று என்று நான் திரும்பினேன்.

"நில்லு மக்கா" என்றார். "எடை பாத்துட்டுப் போ. பொறவு கொறஞ்சுபோச்சுன்னு ஏதாவது எழுதிராதே."

பார்க்கவேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்தார். உருளியை ஏற்றி, முள் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு தெருவில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, எத்தனை ராத்தல் என்பதை இரண்டு தடவை உரக்கச் சொன்னார்.